வெடிச் சத்தமும் மரியசெல்வியும்

மாவட்டத் தடகளப் போட்டியில் நூறு மீட்டர் இறுதி ஓட்டம் தொடங்கவிருந்தது. தொடக்கக் கோட்டருகே பெண்கள் நிலைகொள்ளாமல் கால்மாற்றி நின்றார்கள். துப்பாக்கியுடன் வந்த தலைமை நடுவர் வேதமாணிக்கம், காது கேளாத மரியசெல்வியை விரலால் சுட்டினார்.

“வெடிச் சத்தம் கேட்டுத்தான் ஓடணும், பிள்ள. உனக்குத்தான் கேக்காதே, வெளிய போ!”

அவள் அவருடைய உதட்டசைவைப் படித்துக்கொண்டாள். வெளியேறினால் மாநிலப் போட்டிக்குப் போக முடியாது. அந்நேரம், தாமதம் ஏனென்று கேட்க எல்லைக்கோட்டிலிருந்து நேரக்காப்பாளர் ஓடிவந்தார்.

“சார், நீங்க கடிகாரத்தை எப்ப அழுத்துவீங்க?” என்று மரியசெல்வி கேட்டாள்.

“துப்பாக்கியில புகை தெரிஞ்சதும் அழுத்துவேம்மா. சத்தம் அங்க வந்து சேர நேரமாகும். அதை நம்பினா கணக்குத் தப்பிடும்.”

அவள் நடுவரிடம் திரும்பினாள். “நல்லாக் காது கேக்குற இவரே புகையைத்தான் நம்புறார். இவரையும் வெளிய அனுப்பிடுவீங்களா, ஐயா?”

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

“இப்போ நான் எங்க நிக்கணும்கிற?”

“என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி, முன்னால.”

அவர் முணுமுணுத்தபடியே முன்னால் ஓரமாக வந்து நின்று வானை நோக்கிச் சுட்டார். புகை கலைவதற்குள் மரியசெல்வி எல்லோரையும் முந்தியிருந்தாள்.

“ஓடு பிள்ள, விடாத!” என்று நடுவரே கத்தினார், அவளுக்குக் கேட்காது என்பதையும் மறந்து.