தெரியாது மாப்பிள்ளை

சத்தியம்! ஊர்க் கண்மாய்மேல் அடித்துச் சொல்கிறேன், அதுவும் தண்ணீர் தளும்பிய வருஷத்துக் கண்மாய்மேல். இதில் ஒரு சொல் பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கும் பல்லும் இந்த நிமிஷமே கொட்டட்டும். நாளைக்கு முறுக்குத் தின்ன வேண்டியிருக்கிறது. சும்மா சத்தியம் பண்ணுவேனா?

கோணச்சத்திரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். முதலாளி ஆவுடையப்பன், ஊருக்கே அண்ணாச்சி. வேலைக்குத் தொம்மை, சங்கிலிமுத்து என்று இரண்டு பேர். மூவருக்கும் மூளை தாராளம். யாரும் எடுத்துப் புழங்காததால் புத்தம் புதுசாகவே இருந்தது.

சங்கிலிக்கு மாமன் மகள் பேராச்சிமேல் உயிர். மாமன் உலகநாதன் ரிட்டையரான கணக்கு வாத்தியார். "கணக்குப் படிச்சவங்க யாரை ஒத்துக்கிடுதாங்களோ, அவனுக்குத்தான் என் பொண்ணு" என்று அடித்துச் சொல்லிவிட்டார். சங்கிலி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கணக்கு மார்க்கை நான் சொல்லக் கூடாது. பையன் இன்னும் ஊரில் நடமாடுகிறான்.

அப்போதுதான் ‘வகுப்பான்’ என்றொரு கணக்கு சாஃப்ட்வேர் அவர்கள் கண்ணில் பட்டது. அதற்கு விலையும் இல்லை, முதலாளியும் இல்லை. உலகத்துக் கணக்குப் புலிகளெல்லாம் சங்கமாகக் கூடி, ஆளுக்கொரு பக்கம் தட்டிக்கொட்டி நடத்துகிறார்கள். ‘உங்கள் வகுப்பானுக்கு ஒரு ஏஐ உதவியாளர் செய்து தருகிறோம், ஒத்துக்கொள்ள வேணும்’ என்று மூவரும் சங்கத்துக்கு மெயில் தட்டினார்கள். சங்கத்தின் சார்பாக ஏதோ குளிர்தேசத்திலிருந்து அக்னேஷ்கா என்ற அம்மாள் பதில் எழுதினாள். பாவம், நல்ல மனசோடு நாலு புத்தி சொன்னாள். வந்தது வினை.

‘உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும்’ என்றாள். தொம்மை கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினான். அண்ணாச்சி சென்டரின் கதவையே கழற்றினார். பக்கத்து வீட்டுக் கோழி வந்து பார்த்தது. உள்ளே கதகதப்பாக இருக்கவும் அங்கேயே முட்டையிட்டது.

"பாத்தியாலே, முதல் ஆதரவு!" என்றார் அண்ணாச்சி.

‘சின்னதாக ஆரம்பியுங்கள்’ என்பது அடுத்த புத்தி.

"சின்னதுன்னா ஒண்ணுதான் அண்ணாச்சி. ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றான் சங்கிலி.

"கூறுகெட்டவனே, சைபர் அதைவிடச் சின்னதில்லையா?"

தொம்மை தொண்டையைச் செருமினான். "கழித்தல் ஒண்ணு அதுக்கும் சின்னதுல்லா?"

"அப்போ கழித்தல் ரெண்டு?" என்றான் சங்கிலி.

இருப்பதிலேயே சின்ன எண்ணைப் பிடித்துவிட்டால் வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று மூவரும் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே போனார்கள். ஆடி போய் ஆவணி வந்தது. கடைசியில் தொம்மைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவன் எந்த எண்ணில் வாயை மூடினானோ அதுதான் இருப்பதிலேயே சின்னது என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

உதவியாளரைச் செய்வதில் சிரமமே இல்லை. இந்தக் காலத்தில் ஏஐ என்பது கடையில் விற்கிற இட்லி மாவு மாதிரி. வாங்கி ஊற்ற வேண்டியதுதான். ஊற்றினார்கள். அது பாட்டுக்குக் கேட்ட கணக்குக்கெல்லாம் பதில் சொன்னது. ஆனால் அம்மாளின் மூன்றாவது புத்தி குறுக்கே நின்றது: ‘தெரியாததைத் தெரியும் என்று அது சொல்லவே கூடாது.’

"இது சொல்லுத பதில் சரியாலே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"யாருக்குத் தெரியும்?" என்றான் சங்கிலி.

"வேலை குடுக்குத நமக்கே தெரியாதது, நேத்து வந்த இதுக்கு எப்படிலே தெரியும்?"

"திமிரு அண்ணாச்சி" என்றான் தொம்மை.

ராப்பகலாக அதன் திமிரை அடக்கினார்கள். எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று அது பணிவாகச் சொல்லப் பழகிய பிறகுதான் மூவருக்கும் சோறு இறங்கியது.

சங்கத்துப் பெரியவர்கள் சோதித்தார்கள். குடைந்து குடைந்து கேட்டும் ஒரு தப்பான பதிலைக்கூட வாங்க முடியவில்லை. தப்பே சொல்லாத ஏஐ! உதவியாளரின் பொத்தான் பச்சையா நீலமா என்று மாசக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். மெத்தப் படித்தவர்கள் அல்லவா? பிறகு பதில் வந்தது: ‘உங்கள் உதவியாளரை ஒத்துக்கொண்டோம். ஒரு நிபந்தனை. அது எதையும் தானாகச் செய்யக் கூடாது. பக்கத்தில் ஒரு மனிதர் நின்று சரிபார்த்து, தன் கையால் செய்ய வேண்டும்.’

சங்கிலி அதை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்கு ஓடினான். மாமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"உன்னை எங்கலே ஒத்துக்கிட்டாங்க? உதவியாளரைத்தானே ஒத்துக்கிட்டாங்க?"

சங்கிலி திரும்பப் படித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மாமன் சொன்ன சொல் தவறாதவர். பத்திரிகை அடித்தாயிற்று. முகூர்த்தத்தன்று மணையில் கம்ப்யூட்டர், கழுத்தில் மாலை. பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாகச் சங்கிலி, கையில் விசிறி. மாப்பிள்ளைக்குச் சூடாகிவிடக் கூடாதே.

"பொண்ணைப் பிடிச்சிருக்கா மாப்ளே?" என்று யாரோ கிண்டலாகக் கேட்டார்கள்.

"தெரியாது" என்றது மாப்பிள்ளை.

"பொய் பேசாத பிள்ளை!" என்று உருகினார் மாமன்.

மேளம் கொட்டியது. தாலியைக் கட்டத்தான் கை இல்லை. கூட்டம் முழித்தது. ஊரிலேயே மூளையைப் புழங்கிக்கொண்டிருந்தவள் பேராச்சி ஒருத்திதான். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நிபந்தனையை மறந்துட்டீங்களாப்பா? பக்கத்துல நிக்குத மனுசன்லா தன் கையால செய்யணும்? ஏலே சங்கிலி, கட்டு."

"நல்லவேளை சொன்னே தாயி!" என்றார் மாமன்.

சங்கிலி ஒரு முடிச்சுப் போட்டான். "சரியாண்ணே?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டான். "தெரியாது" என்றது. அவிழ்த்தான். திரும்பப் போட்டான். திரும்பக் கேட்டான். முகூர்த்தம் முடிய இருந்த நேரம், பேராச்சி காலை நீட்டிக் கரண்டு ஒயரைப் பிடுங்கினாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. போட்ட முடிச்சு நின்றது. கல்யாணம் முடிந்தது.

இன்றைக்கும் சங்கிலி அவளை ‘மதினி’ என்றுதான் கூப்பிடுகிறான். போன தையில் ஆண்பிள்ளை பிறந்தது. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு சென்டருக்கு ஓடினான். "அண்ணே, அப்படியே உங்க சாயல்!" என்று கம்ப்யூட்டர்முன் நீட்டினான். குழந்தையின் வாயில் சர்க்கரை வைத்த கையோடு, அண்ணன் வாயிலும் ஒரு சிட்டிகை தூவினான். மூடிதான் எப்போதோ கழற்றியாயிற்றே. நேரே உள்ளே போனது. இப்போது எறும்புகள் அதை வைத்துக் கணக்குப் போடுகின்றன.

கதை இவ்வளவுதான். பேராச்சி பொல்லாதவள், நான் சொன்னதாக வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். யார் சொன்னது என்று அவள் கேட்டால், மாப்பிள்ளை சொல்கிற பதிலையே சொல்லிவிடுங்கள்.