குச்சியில் உட்கார்ந்த ஆபீசர்

பாசிக்குளத்துக் காட்டில் கரிச்சான் குருவிகளுக்கு ஒரே வேலைதான். காலையில் எழுந்ததும் செடிகளின் மேல் தாழப் பறந்து புழு பிடித்துத் தின்னும். மாலையிலும் தின்னும். நடுவில் பசித்தால் அப்போதும் தின்னும். இதை வேலை என்று அவை நினைத்ததே இல்லை. சாப்பிடுவதை யாராவது வேலை என்பார்களா?

குளத்தைச் சுற்றி முயல்கள் துவரை பயிரிட்டு வந்தன. கோடையில் புல்லெல்லாம் கருகிப்போகும். அப்போது முயல்களைக் காப்பாற்றுவது சேர்த்து வைத்த துவரைதான்.

ஒருநாள் சிங்கராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது.

"என் காட்டில் விவசாயம் இன்னும் நன்றாக நடக்க வேண்டும்! விவசாயிகளுக்கு யோசனை சொல்ல ஆபீசர்களைப் போடுங்கள்!"

"செடியும் புழுவும் நன்றாகத் தெரிந்தவர்களைப் போட வேண்டும்" என்று மந்திரி நரி சுற்றும் முற்றும் பார்த்தது. "கரிச்சான்கள்தான் சரி, மகாராஜா!"

அவ்வளவுதான். காட்டில் இருந்த கரிச்சான்கள் அத்தனையும் விவசாய ஆபீசர்கள் ஆகிவிட்டன.

ஆபீசர் என்றால் பயிற்சி வேண்டாமா? குளத்தின் மேற்குக் கரையில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதுதான் பயிற்சி நிலையம். பாடம் நடத்த வந்தது நாரை. நாரை பெரிய படிப்பாளி. ஆனால் பிறந்தது முதல் மீனைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை. வயல் பக்கம் போனால் காலில் முள் குத்திவிடும் என்று அதற்குப் பயம்.

"புழு என்பது ஏறக்குறைய மீனைப் போன்றது" என்று நாரை கம்பீரமாக ஆரம்பித்தது. "செதில் இருக்காது. நீந்தாது. தண்ணீரில் இருக்காது. மற்றபடி எல்லாம் ஒன்றுதான்!"

கரிச்சான்கள் தலையை ஆட்டின. குஞ்சாக இருந்தபோதிலிருந்து புழு தின்றவை அவை. ஆனாலும் புழுவைப் பற்றி இவ்வளவு ஆழமாக யாரும் அவற்றுக்குச் சொன்னதில்லை!

மதியம் வறுத்த ஈசல் வந்தது. சாப்பிட்டதும் ஒரு தூக்கம். மாலையில் எல்லாரும் குளக்கரையில் வரிசையாக நின்று தண்ணீரில் தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டார்கள். அது பயிற்சியின் ஞாபகத்துக்காம். போகும்போது ஆளுக்கொரு கோரைப்புல் பை. அதற்குள் ஒன்றும் இருக்காது. ஆனாலும் தோளில் மாட்டினால் ஒரு மிடுக்கு வரும்.

கடைசியில் நாரை ஒரு முக்கியமான விதியைச் சொன்னது.

"எடுத்துச் சொல்வது ஆபீசரின் வேலை. செய்வது விவசாயியின் வேலை. வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசுகிறவன் ஆபீசரே அல்ல!"

இந்த விதியை எல்லாரையும் விட நன்றாக மனப்பாடம் செய்தது கரியமாணிக்கம் என்ற கரிச்சான். கேள்வி கேட்டால் நாரை முடிப்பதற்குள் பதில் வரும். "என் மாணவர்களில் முதல்வன்!" என்று நாரை தட்டிக் கொடுத்தது.

கரியமாணிக்கத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம். நான் கொஞ்சம் அடக்கித்தான் சிரிக்க வேண்டும். என் வீட்டு மொட்டை மாடியில் தொட்டியில் ஒரு கத்தரிச் செடி இருக்கிறது. அதற்கு வரும் நோய்களைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். தண்ணீர் ஊற்றுவது என்னவோ பக்கத்து வீட்டுக்காரர்.

இருக்கட்டும், கதைக்கு வருவோம்.

கரியமாணிக்கத்துக்குக் கிழக்குக் கரையில் வேலை கிடைத்தது. அங்கே பூவாத்தா என்ற முயல் தன் குட்டிகளுடன் இருந்தாள். போன வருஷம் அவள் துவரை விதைக்கவில்லை. கோடை வந்ததும் தீனி தேடிக் காட்டைத் தாண்டி ஊருக்குள் போனாள். நாய்கள் துரத்தின. உயிர் தப்பியது, ஒரு காதில் பாதி போய்விட்டது. இந்த வருஷம் இருக்கிற இடமெல்லாம் துவரை விதைத்திருந்தாள். செடிகள் செழிப்பாக வளர்ந்து காய் பிடிக்கத் தொடங்கியிருந்தன. கூடவே காய்ப்புழுவும் வந்திருந்தது.

எந்த வருஷமும் இல்லாத அளவுக்குப் புழு! காயைத் துளைத்துத் தலையை உள்ளே விட்டுப் பருப்பைத் தின்றது. காட்டில் இத்தனை புழு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

"ஆபீசரய்யா! நல்ல நேரத்துல வந்தீங்க!" என்று பூவாத்தா ஓடி வந்தாள். "காயெல்லாம் ஓட்டையாப் போவுது. ஏதாச்சும் பண்ணுங்கய்யா!"

கரியமாணிக்கம் பையைச் சரிசெய்துகொண்டது. தொண்டையைக் கனைத்தது. வேப்பங்கிளையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது.

"காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவருகிறது. முதலில் இளம் இலையைச் சுரண்டுகிறது. பிறகு காயைத் துளைக்கிறது..."

புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டின.

"அடடா! நம்ம பிறப்பு வளர்ப்பெல்லாம் எவ்வளவு அழகாச் சொல்றாரு!" என்றது ஒரு குண்டுப் புழு.

"நம்மளப் பத்தி இவ்வளவு அக்கறையா யாரு பேசியிருக்கா!" என்றது இன்னொன்று. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

கரியமாணிக்கத்துக்கு ஒரே பெருமை. எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு கவனமாகக் கேட்பவர்கள் கிடைத்ததில்லை. பேச்சு முடிந்ததும் புழுக்கள் திரும்பிப் போய்ப் பருப்பைத் தின்றன.

மறுநாளும் பாடம். அதற்கு மறுநாளும் பாடம். பசித்தால் கரியமாணிக்கம் பயிற்சிப் பாறைக்குப் போய் ஈசல் தின்றுவிட்டு வந்தது. காய்களில் ஓட்டை கூடிக்கொண்டே போனது.

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் பூவாத்தா. "ஆனா என்னதான் செய்யணும்?"

"அந்தப் பாடம் இன்றைக்குத்தான்!" என்றது கரியமாணிக்கம். "வயலில் அங்கங்கே குச்சி நட வேண்டும். குச்சியின் உச்சியில் குறுக்காக ஒரு கிளை கட்ட வேண்டும். பறவைகள் அதில் வந்து உட்காரும். உட்கார்ந்த பறவைகள் புழுவைப் பிடித்துத் தின்னும்."

புழுக்கள் சட்டென்று தலையைக் காய்க்குள் இழுத்துக்கொண்டன.

பூவாத்தா உடனே குச்சிகளைப் பல்லால் கடித்துக் கொண்டுவந்து நட்டாள். குறுக்குக் கிளையும் கட்டினாள். கரியமாணிக்கம் பறந்து வந்து முதல் குச்சியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தது.

"உறுதியாக இருக்கிறது. நல்ல வேலை!"

"எந்தப் பறவைய்யா வரும்?"

"கரிச்சான் முதலிய பறவைகள்."

"கரிச்சான்னா எப்படி இருக்கும்?"

கரியமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது. "உடல் கறுப்பு. வால் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். உயரமான இடத்தில் உட்கார்ந்திருந்து புழுவைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும். விவசாயிகளின் நண்பன்!"

பூவாத்தா குச்சியின் உச்சியைப் பார்த்தாள். அங்கே கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் வால் இரண்டாகப் பிளந்திருந்தது.

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் விழுங்கிக்கொண்டாள். தோளில் பை மாட்டிய ஒரு ஆபீசரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் இந்தப் புழுவைத் தின்னுங்க" என்று எப்படிச் சொல்வது? மரியாதைக் குறைவாகிவிடாதா?

"சரிங்கய்யா, காத்திருக்கேன்" என்றாள்.

கரியமாணிக்கமும் அவளும் சேர்ந்து காத்திருந்தார்கள். எந்தப் பறவையும் வரவில்லை. புழுக்களின் பயமும் தெளிந்தது. குண்டுப் புழு அதே குச்சியில் ஏறி ஆபீசரின் காலருகில் வெயில் காய்ந்தது.

"கவலைப்படாதேம்மா! மேலிடத்தில் சொல்லிக் கரிச்சான்களை அனுப்பச் சொல்கிறேன்" என்று கரியமாணிக்கம் மேற்குக் கரைக்குப் பறந்தது.

நாரை ஒற்றைக் காலில் நின்று யோசித்தது.

"கரிச்சான்களா? எல்லாக் கரையிலிருந்தும் இதே கோரிக்கைதான் வருகிறது! காட்டில் கரிச்சான்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. எங்கே போய்த் தொலைந்தன என்றே தெரியவில்லை. சரி, இதைப் பற்றி ஒரு பயிற்சி வைத்துவிடுவோம். நாளைக்கே ஆரம்பம். ஈசல் உண்டு."

கரியமாணிக்கம் சந்தோஷமாகத் திரும்பி வந்தது. வந்து பார்த்தால் பூவாத்தா குட்டிகளை வளையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கேம்மா பயணம்?"

"ஊருக்குள்ள."

"நாய்கள் இருக்குமே!"

"இருக்கும். இங்க இருந்தா மட்டும் என்ன? புழு தின்னது போக மிச்சம் இருக்கிறது கோடைக்குப் பத்தாது. புள்ளைங்க பசியால செத்துப்போகும். நாய்கிட்ட ஓடியாவது பாக்கலாம்."

கரியமாணிக்கத்துக்கு மனசு என்னவோ செய்தது. கிழிந்த அந்தக் காதை அது அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தது. ஆனால் வாயைத் திறந்தால் பாடம்தான் வந்தது.

"அவசரப்படாதே! கரிச்சான் தட்டுப்பாடு பற்றி நாளைக்கு ஒரு பயிற்சி..."

பூவாத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆபீசரய்யா, கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் சரி, எப்படியும் நான் போறவதானே. கறுப்பா இருக்கும், வால் ரெண்டாப் பிளந்திருக்கும்னு சொன்னீங்களே, குளத்துல ஒருநாளாச்சும் உங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கிறேனே! ஒவ்வொரு பயிற்சியிலும் வரிசையாக நின்று..."

"அதுல கரிச்சான் ஒண்ணுகூடவா தெரியல?"

"எல்லாரும் ஆபீசர்களாகத்தானே தெரிந்தோம்!"

சொல்லிவிட்டுக் கரியமாணிக்கம் அப்படியே நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் வாலைப் பார்த்தது. அது இரண்டாகப் பிளந்திருந்தது. இறகைப் பார்த்தது. நல்ல கறுப்பு.

"அடப்பாவி! அது நானா?"

குச்சியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த குண்டுப் புழு, "இன்னைக்கு என்ன பாடம், சார்?" என்று கேட்டது.

கரியமாணிக்கம் பையைக் கழற்றி எறிந்தது. இறக்கையை மடக்கிப் புழுவை நோக்கிப் பாய்ந்தது. புழு தொப்பென்று கீழே விழுந்து ஓர் இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கரியமாணிக்கம் குறி தவறிச் சேற்றில் மூக்குக் குப்புற விழுந்தது. எத்தனை நாளாக உட்கார்ந்த இடத்தில் ஈசல் தின்ற உடம்பு!

பூவாத்தாவின் குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க!" என்றது சேற்றிலிருந்து எழுந்த கரியமாணிக்கம். இப்போது அதன் வாயில் பாடப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்திருந்தது. "பயிற்சியில முதல் மாணவன் விழுற அழகே தனி!"

மறுபடியும் பாய்ந்தது. மறுபடியும் தவறியது. அதற்கு அடுத்த பாய்ச்சலில் இலைக்கு அடியிலிருந்த குண்டுப் புழு மூக்கில் சிக்கியது.

விழுங்கிவிட்டுக் கரியமாணிக்கம் சொன்னது. "செதில் இல்ல. நாரை சொன்னது அந்த மட்டும் சரிதான்!"

ஆனால் ஒற்றைக் கரிச்சான் அந்த வயலை என்ன செய்துவிட முடியும்? "எங்கயும் போயிடாதே, பூவாத்தா. இதோ வந்துடறேன்!" என்று மேற்குக் கரைக்குப் பறந்தது. மறுநாள் பயிற்சிக்கு முன்கூட்டியே வந்து கரிச்சான்கள் எல்லாம் பாறையில் உட்கார்ந்திருந்தன. நாரை மீன் பிடிக்கப் போயிருந்தது. உடம்பெல்லாம் சேறோடு கரியமாணிக்கம் பாறையில் ஏறி நின்றது.

"இந்தக் காட்டுலயே பெரிய முட்டாள் பேசறேன், கேளுங்க! நான் ஒரு கரிச்சான். குச்சி நடச் சொன்னேன். நட்ட குச்சியில நானே உட்கார்ந்தேன். உட்கார்ந்துக்கிட்டு, கரிச்சான் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரலைன்னதும் கரிச்சானை அனுப்புங்கன்னு கேக்க இங்க பறந்து வந்தேன்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் தேய்ந்தது. ஒன்று இன்னொன்றின் வாலைப் பார்த்தது.

"நானும் கரிச்சான் வேணும்னு சொல்லி அனுப்பினேன்" என்றது ஒன்று மெல்ல.

"நானும்தான்" என்றது இன்னொன்று.

"அப்ப காட்டுல புழு பெருகினது எதனாலன்னு தெரியுதா?" என்றது கரியமாணிக்கம். "நாம பயிற்சிக்கு வந்ததாலதான்! கிளம்புங்க. பையைப் போட்டுட்டு வாங்க, கனமில்லைன்னாலும் பாயறப்போ இடிக்கும்!"

கரிச்சான்கள் கூட்டமாகக் கிழக்குக் கரைக்குப் பறந்தன. பூவாத்தா நட்ட குச்சி ஒன்றுகூடக் காலியாக இல்லை. விழுந்தன, எழுந்தன, பாய்ந்தன, தின்றன. அதன்பின் ஆளுக்கொரு கரைக்குப் போய் அங்கேயும் அதையே செய்தன. பூவாத்தாவின் துவரையில் பாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மீதிப் பாதி பிழைத்தது. கோடையைத் தாண்ட அது போதும். அவள் குட்டிகளை மறுபடியும் வளைக்குள் அனுப்பினாள்.

கொஞ்ச நாள் கழித்து நாரை பார்வையிட வந்தது. முள்ளுக்குப் பயந்து வரப்பிலேயே நின்றுகொண்டது.

"கரியமாணிக்கம்! வயலில் பேச்சுச் சத்தமே கேட்கவில்லையே! பாடம் நடக்கிறதா இல்லையா?"

கரியமாணிக்கம் குச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தது. அதன் வாயில் புழு இருந்தது.

"வாயில் வைத்துக்கொண்டா நிற்கிறாய்? என் முதல் மாணவனா இப்படி!" நாரைக்கு அழுகையே வந்துவிட்டது. "உன் வேலை திருப்தியாக இல்லை. மறுபடியும் பயிற்சிக்கு வர வேண்டும்!"

நாரை போனதும் பூவாத்தா கவலையோடு கேட்டாள். "போயிடுவீங்களாய்யா?"

கரியமாணிக்கம் புழுவை விழுங்கியது.

"போகாம? ஈசல் நல்லா இருக்கும். ஆனா காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் இனிமே உன் வயல்லதான்!"

கோடை வந்தது. புல் கருகியது. பூவாத்தாவும் குட்டிகளும் வளைக்குள் உட்கார்ந்து துவரையைக் கொறித்தார்கள். ஊர் நாய்கள் யாரையும் துரத்த வழியில்லாமல் நிழலில் தூங்கின.

இதை எழுதி முடிப்பதற்குள் மாடியில் என் கத்தரிச் செடி வாடித் தலை தொங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லையாம். ஆகவே நீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நான் வாளியை எடுக்கப் போகிறேன்:

அடுத்தவருக்கு வழி சொல்லப் போகிறவன், அந்த வேலையில் தன்னால் முடிந்ததை முதலில் தானே செய்துவிட வேண்டும்.