பன்னிரண்டு மணி வரைக்கும்

இளநீர் வியாபாரி பூவாத்தா வேறு வண்டி பார்க்க வந்திருந்தாள். பழைய வண்டி வழியில் நின்று நின்றே பாதி வாடிக்கை போய்விட்டது. இப்போது வாங்குவதும் மக்கர் பண்ணினால் மீதியும் போச்சு.

தாராபுரம் ரோட்டில் பழைய வண்டி விற்கும் மயில்சாமி, கழுவித் துடைத்த பிக்கப் ஒன்றைத் தட்டிக்காட்டினார். "தங்கமான வண்டி, அம்மிணி. நேத்திருந்து ஷெட்டை விட்டு அசையல."

அவள் பானட்டில் கை வைத்தாள். சுட்டது.

அவர் சாவியைத் திருப்ப, வண்டி உடனே உறுமியது. "பாத்தியா! வேற பார்ட்டி வந்துட்டிருக்கான். இப்பவே அட்வான்ஸ் குடு, இல்லாட்டிக் கெளம்பு."

பூவாத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, மணி பத்தரை.

"ராகு காலம் பொறந்துருச்சுங்ளேண்ணா! அணைச்சிருங்க. பன்னண்டு வரைக்கும் இருக்கறனுங்க. அப்புறம் உங்க ராசிக் கையாலயே ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க."

வண்டிக்கு வண்டி எலுமிச்சை கட்டித் தொங்கவிட்ட மனுஷன் எப்படி மறுப்பார்? இருவரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். இன்ஜினும் ஆறியது.

பன்னிரண்டு அடித்ததும் மயில்சாமி சாவியைத் திருப்பினார். கர்ர்... கர்ர்... நாலு தடவை. கிளம்பவில்லை.

"நல்ல நேரத்துலயே கெளம்பாதது, விடியக்கால நாலு மணிக்கு எனக்குக் கெளம்புங்களா?" என்று எழுந்தாள் பூவாத்தா. "அந்த மூலையில தூசி படிஞ்சு நிக்குதுங்ளே, அதோட சாவியக் குடுங்க. அதையாச்சும் நான் வர்றதுக்கு முந்தி சூடு பண்ணி வெக்காம உட்டிருப்பீங்க."

அது ஒரே திருப்பில் கிளம்பியது.