அங்குராசு அழுதது

"சாமி, எம் பொண்டாட்டி செத்தன்னைக்கு நான் அழுதேனா, நடிச்சேனா?"

கும்பிடு போட்ட கையைக் கீழே இறக்குவதற்கு முன்பே அங்குராசு கேட்டுவிட்டார்.

சாமிக்கு வயது முப்பத்தெட்டு. கேட்டவருக்கு எழுபத்தொன்று. யார் காலில் யார் விழுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் தடுமாறி, கடைசியில் கும்பிடோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது," என்றார் சாமி.

"சாமிக்கே தெரியாதா?"

"நான் எழவுக்கு வரலையே ஐயா."

இதற்கா மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்த மடத்துக்கு வந்தோம் என்று அங்குராசுக்குத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தார். வேறு போக்கிடம் இல்லை.

"என்ன தொழில்?"

"நாடகத்துல பபூன். கோமாளி வேசம். பதினாலு வருசம். அப்புறம் சினிமா. போஸ்ட்மேன், தரகர், ஹீரோவுக்குத் தாய்மாமன். இப்ப சீரியல்."

"சீரியல்ல என்ன?"

"மாமனார். போன மாசம் ஏழு மணி சீரியல்ல செத்து, போட்டோவுக்கு மாலை போட்டாங்க. ஏழரைக்கு வேற சேனல்ல காபி குடிச்சுக்கிட்டிருந்தேன்."

சாமி சிரிக்கவில்லை. அங்குராசுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

"எழவு வீட்டுல என்ன நடந்துச்சு?"

"அழுதேன். கண்ணுல தண்ணியெல்லாம் சரியா வந்துச்சு சாமி. ஆனா வாசப்பக்கம் வெளிச்சம்னு தெரிஞ்சு முகத்தை அந்தப் பக்கம் கொடுத்தேன். குரல் எங்க உடையணுமோ அங்க உடைஞ்சுச்சு. எம் மக பார்த்துக்கிட்டே இருந்தா. கிட்ட வந்து, 'போதும்ப்பா, அம்மாகிட்டயுமா நடிப்பு'ன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் பேச்சே இல்ல. வெள்ளிக்கிழமை வருசத் தெவசம். வரவேணாம்னு சொல்லி அனுப்பிட்டா. நடிக்கலைன்னு சத்தியம் பண்ணலாம்னு பார்த்தா, எனக்கே தெரியலை. யோசிச்சா அழுத மாதிரி இருக்கு. இன்னும் யோசிச்சா நடிச்ச மாதிரி இருக்கு."

பாவம், அந்த ஒரு வருடத்தில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"சாப்பிடுங்க," என்றார் சாமி.

மடத்தில் சமைக்கிற செல்லத்தாயி கஞ்சி கொண்டுவந்தார். அங்குராசை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மருமகப் புள்ளைய ஏன்யா அந்தப் பாடு படுத்துறீக?"

"அது நடிப்பும்மா."

"நடிப்பா இருந்தாலும் ஒரு நாயம் வேணாமா?"

கஞ்சி அளவாகத்தான் விழுந்தது.

குடித்து முடித்ததும் சாமி சொன்னார், "இப்ப அழுங்க."

"எதுக்கு சாமி?"

"சும்மா. எழவு வீட்டுல அழுத மாதிரி."

"க்ளோசப்பா, லாங் ஷாட்டா?"

அங்குராசு துண்டை உதறித் தோளில் போட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

அழுதார்.

கைதேர்ந்த அழுகை. முதலில் உதடு, அப்புறம் தாடை, அப்புறம் தோள். "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே ராசமணி," என்ற இடத்தில் குரல் உடைந்தது. செல்லத்தாயி மருமகள் விவகாரத்தையெல்லாம் மறந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினார். இது அழுகையா நடிப்பா என்று சாமிக்கும் பிடிபடவில்லை.

அழுகை நின்றது. அங்குராசு தலையை வலப்பக்கம் திருப்பினார்.

அங்கே யாருமில்லை. கொடியில் ஒரு காவி வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

திருப்பிய தலை திருப்பியபடியே நின்றது.

"யாரைப் பார்க்குறீங்க?"

"ஆங்?" அங்குராசு விழித்தார். "மேடைப் பழக்கம் சாமி. சினிமாவுல இதுக்குத்தான் திட்டு வாங்குவேன். 'கேமராவ விட்டுட்டு அங்க யாரைய்யா பார்க்குற'ம்பாங்க."

"என்ன பழக்கம்?"

"எங்க நாடகத்துல எழுதி வச்ச வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. பபூன் ஒண்ணைச் சொல்லிட்டுத் திரும்பணும். வலப்பக்கம் நிக்குற டான்ஸ்காரி அதுக்குப் பதில் சொல்லணும். அவ பதில் வந்தாத்தான் எனக்கு அடுத்தது வாயில வரும். பதில் வர்ற வரைக்கும் அப்படியே நிக்க வேண்டியதுதான்."

"டான்ஸ்காரி யாரு?"

"ராசமணிதான். அப்படித்தானே கட்டிக்கிட்டோம்."

செல்லத்தாயி மூக்குச் சிந்துவதை நிறுத்தினார்.

"வீட்டுலயும் அப்படித்தானா?"

"எங்கயும் அப்படித்தான். சீரியல் பார்த்தாக்கூட, நான் வர்ற சீன் முடிஞ்சதும் அவ ஏதாவது ஒண்ணு சொல்லணும். 'ரொம்ப இழுக்குறீக'ம்பா."

சாமி அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எழவன்னைக்கும் திரும்பினீங்களா?"

அங்குராசு யோசித்தார். இந்த ஒரு வருடத்தில் அவர் யோசிக்காத பக்கம் அது ஒன்றுதான்.

"திரும்பினேன்."

"எவ்வளவு நேரம் அப்படியே நின்னீங்க?"

அங்குராசின் வாய் திறந்தது. கை தானாகத் துண்டைத் தேடியது, கிடைக்கவில்லை. அது தோளில்தான் இருந்தது.

"அவளைத் தூக்குற வரைக்கும்," என்றார்.