நாரையின் அலகில் ஒரு சுவடி அளவு இடைவெளி

அந்தக் காலத்தில் குளத்துப் பறவைகளும் குளத்தங்கரை மனிதர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். மழை எப்போது வரும் என்று மனிதர்கள் பறவைகளிடம் கேட்பார்கள். மதகை எப்போது திறப்பீர்கள் என்று பறவைகள் மனிதர்களிடம் கேட்கும். இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் பதில் வரும். ஆனாலும் கேட்பதை விடமாட்டார்கள்.

ஆரைமடை என்ற ஊரில் அப்போது ஓர் ஏட்டுவீடு இருந்தது. ஊருக்குப் பொதுவான பனையோலைச் சுவடிகள் அங்கே பரணில் அடுக்கியிருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்ப் படிக்கலாம், திருப்பிக் கொண்டுவந்து வைக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தாண்டவன் என்பவன் பொழுது சாயும் முன் வாசலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஓர் ஏடு வீதம் உரக்க வாசிப்பான்.

அந்த வீட்டுச் சாவி காத்தாயியிடம் இருந்தது. அவள் தாண்டவனின் அண்ணன் மனைவி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். ஆனால் எந்தச் சுவடி எந்த மூலையில் இருக்கிறது, எதில் எத்தனையாவது ஏட்டில் பூச்சி அரித்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கரையானுக்குப் பயந்தாள். எலிக்குப் பயந்தாள். எண்ணெய்க் கையோடு வருகிற பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயந்தாள். சுவடி வாங்கிப் போகிறவர்களுக்கு அவள் சொல்லி அனுப்பும் நிபந்தனைகள் சுவடியை விட நீளமாக இருக்கும்.

"மதினி, பேசாம சுவடியைப் பூட்டி வச்சுட்டு உங்க நிபந்தனையை மட்டும் ஊருக்குக் கொடுங்க. வருஷம் பூராப் படிக்கலாம்" என்பான் தாண்டவன்.

"உங்களுக்கென்ன கொழுந்தனாரே, வாசிச்சுட்டு எழுந்து போயிடுவீங்க. ஓர் ஓலை முறிஞ்சா ஊர் என்னைத்தானே கேக்கும்?" என்பாள் அவள்.

மழைக்காலத்தில் குளம் நிறைந்ததும் நாரைகள் வரும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். அப்போது நாரைகளுக்கு நேரான, இறுக்கமான அலகு. மூடினால் நடுவில் ஒரு முடி நுழையாது. மீன்தான் அவற்றின் சாப்பாடு. அந்தக் கூட்டத்தில் சாம்பி என்று ஒரு நாரை இருந்தது. தாண்டவன் வாசிக்கத் தொடங்கும்போது ஏட்டுவீட்டுக் கூரைமேல் வந்து ஒற்றைக்காலில் நிற்கும். முடியும்வரை காலை மாற்றாது.

போன வருஷம் தொடங்கிய குளம் வெட்டிய கதை அந்த வருஷமும் நடந்துகொண்டிருந்தது. ஆரைமடைக் குளத்தை முன்னோர்கள் எப்படி வெட்டினார்கள், வெட்ட வெட்டத் தண்ணீர் எப்படி நிற்காமல் இறங்கிப் போனது என்ற பெரிய கதை. அதற்கு உலகத்தில் அந்த ஒரு சுவடிதான். கதை முடிய இன்னும் பன்னிரண்டு ஏடு இருக்கும்போதே, பங்குனி வெயிலில் குளம் சேறாகிவிட்டது. நாரைகள் வடக்கே கிளம்பத் தொடங்கின.

சாம்பி ஏட்டுவீட்டுக்குள் நடந்தே வந்தது.

"ஏட்டுக்காரம்மா, அந்தச் சுவடி எனக்கு வேணும்."

காத்தாயி கையிலிருந்த வேப்பிலையைக் கீழே போட்டாள். "உனக்கா? எழுத்து தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாது. நாங்க போய்த் தங்குற சதுப்புல ஓர் ஆமை இருக்கு, அதுக்குத் தெரியும். கேக்குறது எனக்காக இல்லை. என் அக்கா அங்கே இருக்கா. இறக்கை ஒடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. அவ பிறந்தது இந்தக் குளத்து மரத்துலதான். இனிமே இங்கே வர முடியாது. போன தடவை போனப்ப, கேட்டது வரைக்கும் கதையைச் சொன்னேன். 'தண்ணி நின்னுச்சா இல்லையா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்ன சொல்ல?"

காத்தாயிக்கு மனம் இளகியது. ஆனாலும் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற தாண்டவன், "கொடுங்க மதினி, போற வழியில ஆத்துல போட்டுட்டு வரட்டும்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கொடுக்க வைத்தது. பரணில் ஏறிச் சுவடியை எடுத்தாள். இரண்டு சட்டத்துக்கு நடுவே ஓலைகளை அடுக்கி, கயிற்றை ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். சாம்பி ஆவலோடு அலகைத் திறந்து சுவடியைக் குறுக்கே கவ்வியது. அப்போதுதான் காத்தாயி தொடங்கினாள்.

"வழியில எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. ஈரம் படக் கூடாது. யார் கையிலும் கொடுக்கக் கூடாது. கயித்தை அவுக்கக் கூடாது, அவுத்தா ஓலை வரிசை மாறிடும். திரும்பி வந்து என் கையில வைக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கவே கூடாது. புரியுதா? உன் அக்கா மேல ஆணை."

படிக்கத்தான் சாம்பி கேட்கிறது என்பது அந்த நேரத்தில் காத்தாயிக்கு மறந்தே போனது. சுவடி பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்பது ஒன்றுதான் மனத்தில் நின்றது.

சாம்பி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. அப்படியானால் எப்படிப் படிப்பது என்று கேட்க நினைத்திருக்கும். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பறந்து போனது.

சித்திரை போனது. ஆடி போனது. ஐப்பசியில் மழை பெய்து குளம் நிறைந்தது. நாரைகள் வந்தன. சாம்பி வரவில்லை.

"அவ பின்னாடி வர்றா" என்றது ஒரு நாரை. "வர்றாளான்னு தெரியலை" என்றது இன்னொன்று.

ஊரில் பேச்சு கிளம்பியது. ஊருக்கே ஒன்றாக இருந்த கதையைப் பறவையிடம் தூக்கிக் கொடுத்த மகராசி என்று கிணற்றடியில் பேசினார்கள். கடைசியில் ஊர் கூடி, தை பிறப்பதற்குள் சுவடி வராவிட்டால் காத்தாயி சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தது.

காத்தாயி விடிந்ததும் குளத்துக்கரையில் போய் நிற்பாள். புருவத்துக்கு மேல் கையை வைத்து வடக்கே பார்ப்பாள். பார்க்கப் பார்க்க, இதுவரை கூட்டமாகத் தெரிந்த பறவைகள் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. கழுத்தை நீட்டிப் பறந்தால் நாரை, மடக்கிப் பறந்தால் கொக்கு. தண்ணீரில் இறங்கும்போதே சண்டை போட்டால் கிளுவை வாத்து. மறந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு வெற்றோலையும் எழுத்தாணியும் கொண்டு போனாள். கோணல் எழுத்தில் நாள்தோறும் கீறி வைத்தாள். 'இன்று கிளுவை வந்தது. இன்று ஊசிவால் வாத்து வந்தது. இன்றும் அவள் இல்லை.'

தாண்டவனும் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றான். "அதோ அது நாரையா மதினி?"

"அது கொக்கு. கழுத்தைப் பாருங்க." சொல்லிவிட்டு, பார்வையைத் திருப்பாமலே கேட்டாள். "கொழுந்தனாரே, அந்தக் கதை உங்களுக்கு மனப்பாடமா இருக்குமா?"

"தொண்டையில இருந்து வெளியே போனது நெஞ்சுல எங்கே நிக்கும்? பாதிதான் நினைவிருக்கு." அன்று அவன் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மார்கழி கடைசியில் ஒரு காலை. பனி விலகாத வானத்தில் ஒற்றைப் பறவை வந்தது. கழுத்து நீண்டிருந்தது. ஆனால் இறக்கை அடிப்பு நாரைபோல இல்லை. நாலு அடி அடித்து, இறங்கி, திரும்ப ஏறி, தள்ளாடி வந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளுவை.

சாம்பி கரையில் இறங்கியது. எலும்பும் இறகுமாக இருந்தது. அலகின் நடுவில் சுவடி. காத்தாயி இரண்டு கைகளையும் நீட்டினாள். நாரை குனிந்து அவள் கையில் சுவடியை வைத்தது.

காத்தாயி முதலில் பார்த்தது சுவடியைத்தான். ஓர் ஓலை முறியவில்லை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஏழு சுற்றும் அப்படியே, அவள் போட்ட முடிச்சும் அப்படியே. "அப்பாடா" என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். அந்தக் கணம் தன் கை முடிச்சின் மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் போட்ட அதே முடிச்சு.

"சாம்பி, நீ இதை அவுக்கவே இல்லையா?"

நாரை அலகைத் திறந்தது. பேச்சு வரவில்லை. ட-ட-ட-டக் என்று அலகு தட்டிய சத்தம் மட்டும் வந்தது. மூடியது. மூடிய அலகின் நுனி சேர்ந்தது, அடி சேர்ந்தது. நடுப்பகுதி சேரவில்லை. ஒரு சுவடி நுழையும் அளவுக்கு இடைவெளி அப்படியே நின்றது.

கிளுவைதான் பேசியது. வழக்கமாகச் சண்டைக்கு நிற்கும் பறவை, அன்று மெல்லத்தான் சொன்னது.

"ஒன்பது மாசமா வாயைத் திறக்கலை, ஏட்டுக்காரம்மா. சுவடியை விடாம மீன் பிடிக்க முடியுமா? அலகு நுனியால நத்தையைக் குத்தி, உள்ளே இருக்குறதை உறிஞ்சித்தான் உயிரோட இருந்தா. அதுல பலம் எங்கே வரும்? அதான் இவ்வளவு தாமதம். பேசாமலே இருந்து பேச்சும் போயிடுச்சு."

"அக்கா?"

"அக்கா தினமும் கேட்டா. 'ஒரு தடவை கீழே வையேன், ஆமையைக் கூப்பிடுறேன்'னு. இவ தலையை ஆட்டுவா. 'கொண்டுவந்துட்டுக் காட்ட மாட்டேங்குறியே, உனக்கு நான் என்ன பண்ணேன்'னு ஒரு நாள் அழுதா. அப்பவும் இவ வைக்கலை. கடைசியில இவ அலகுல இருந்த சுவடிமேல தலையைச் சாய்ச்சுப் படுத்துக்குவா. ஆவணியில அப்படியே போயிட்டா."

குளத்தில் பறவைகள் ஆயிரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. காத்தாயிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சாவி பிழைத்தது. ஊர் இனி ஒன்றும் சொல்லாது. எதற்குப் பயந்தாளோ அது எதுவும் நடக்கவில்லை. கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வந்திருக்கிறது.

அவள் கரையிலேயே உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்; வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் விழுந்தது. பனி ஈரம் ஓலையில் படுவதை அவள் பார்க்கவில்லை. கடைசிப் பன்னிரண்டு ஏடுகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓடிவந்த தாண்டவன், "கொடுங்க மதினி, நான் வாசிக்கிறேன்" என்றான்.

"வேண்டாம். கட்டினது நான். நானே வாசிக்கிறேன்."

எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசித்தாள். ஒரு வரி முடிய எவ்வளவோ நேரம் ஆனது. சாம்பி ஒற்றைக்காலில் நின்று கேட்டது. மற்ற நாரைகள் மரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஊராரும் வந்தார்கள். வெயில் ஏறி, சாயத் தொடங்கியபோது கடைசி ஏட்டுக்கு வந்தாள்.

"கு... குளத்தில் தண்ணீர் நின்றது. நின்றதை ஊரார் நம்பவில்லை. மறுநாள் விடியலில் ஒரு நாரை வந்து இறங்கியது. அதைப் பார்த்த பிறகே நம்பினார்கள்."

அவ்வளவுதான் கதை. காத்தாயியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உன் அக்கா கேட்டிருக்கணும் இதை" என்று மட்டும் சொன்னாள். சாம்பி கழுத்தை வளைத்து, இடைவெளி விழுந்த அலகை அவள் தோளில் ஒரு தடவை வைத்து எடுத்தது. பிறகு ட-ட-ட-டக் என்று தட்டியது. மற்ற நாரைகளும் பேச்சை விட்டுவிட்டு அதைப்போலவே தட்டின. அது மன்னிப்பா, அழுகையா என்று கேட்டுச் சொல்ல அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை.

நாரைக் குஞ்சுக்கு இன்றும் அலகு நேராகத்தான் இருக்கிறது. வளர்ந்து பெரிதான பிறகுதான் நடுவில் அந்த இடைவெளி விழுகிறது. நத்தையைத்தான் தேடித் தின்கிறது. நத்தைகுத்தி என்றே அதற்குப் பேராகிவிட்டது.

ஏட்டுவீடு இருந்த இடத்தில் இப்போது ஊர் நூலகம் இருக்கிறது. முதல் நாரை வந்த சேதி தெரிந்ததும் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் குளத்துக்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் தொலைநோக்கியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று நோட்டில் எழுதுகிறார்கள். ஒருவர் கதையை உரக்க வாசிக்க, மரத்து நாரைகளும் கேட்கின்றன. மடங்கினாலும் பரவாயில்லை, நனைந்தாலும் பரவாயில்லை, திறக்காமல் மட்டும் திருப்பிக் கொண்டுவராதே என்று சொல்லித்தான் ஆரைமடையில் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். காத்தாயி பல்லால் முடிச்சை அவிழ்த்த அந்த மார்கழிக் காலையிலிருந்துதான் இதெல்லாம்.