பெயர் மட்டும் சொன்ன வட்டு

அருளானந்து பல வருஷம் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் நின்றதே கிடையாது. அந்த வேலையை விட்டுவிட்டு, கணினியை இயக்கும் இயங்குதளத்தின் உள்வேலை கற்க தில்ஷாத்திடம் வந்து சேர்ந்தார். தில்ஷாத் அவரைவிட வயதில் இளைய பெண். ஆனாலும் அருளானந்துவுக்கு அவர்தான் குரு.

அன்று இருவரும் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் கணினி அறையில் இருந்தார்கள். இதய அறுவைக்குக் காத்திருந்த பிள்ளைகளின் ஸ்கேன் படங்கள் அங்கே பழைய ஹார்டு டிஸ்க் வட்டு ஒன்றில் இருந்தன. வட்டு செத்துக்கொண்டிருந்தது. நகல் எடுத்தால், கோப்புறைகள் வரவேண்டிய இடத்தில் வெறும் கோப்புகள் வந்தன. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

அருளானந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

வட்டுகளுக்கும் நிரல்களுக்கும் நடுவே இயங்குதளத்தின் ஓர் அடுக்கு நிற்கிறது. வட்டில் என்ன இருக்கிறது என்று நகல் எடுக்கும் நிரல் கேட்டால், பெயரையும், அது கோப்பா கோப்புறையா என்பதையும் அந்த அடுக்குதான் சொல்லும். இந்தப் பழைய வட்டோ பெயரை மட்டுமே தந்தது. அடுக்கு எல்லாவற்றையும் கோப்பு என்று சொல்லிவிட்டது.

"பெயரில் புள்ளி இருந்தால் கோப்பு, இல்லையென்றால் கோப்புறை" என்று ஒரு விதி எழுதினார். அதேபோன்ற ஒரு சோதனை வட்டில் ஓட்டிப் பார்த்தார். சரியாக வந்தது.

தில்ஷாத் விசைப்பலகையை இழுத்தார். சோதனை வட்டில் ஒரு கோப்புறை உருவாக்கி, 'இதயம்.2' என்று பெயர் வைத்தார்.

அடுக்கு அதைக் கோப்பு என்றது.

அருளானந்து இன்னொரு விதி சேர்த்தார். தில்ஷாத் இன்னொரு பெயர் வைத்தார். மறுபடி விதி. மறுபடி பெயர். பழைய வட்டு கரகரவென்று சத்தம் போட்டது.

"எதைச் சொன்னாலும் தப்பாகுதே மேடம். நான் என்னதான் சொல்லட்டும்?"

"அது கோப்பா கோப்புறையான்னு அடுக்குக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அதையே சொல்லச் சொல்லுங்க."

"அப்படிச் சொல்ல இடமிருக்கு. ஆனா கேட்ட நிரல் வெறுங்கையோட போகுமே?"

தில்ஷாத் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

அருளானந்து தன் விதிகளை ஒவ்வொன்றாக அழித்தார். வகுப்பின் முன்னால் வாயடைத்து நிற்பதுபோல் கூசியது. 'தெரியாது' என்று ஒரே வரி எழுதிவிட்டு, நகலை மறுபடி தொடங்கினார்.

அடுக்கு 'தெரியாது' என்றதும், நகல் நிரல் ஒவ்வொன்றையும் தானே திறந்து பார்க்க ஆரம்பித்தது. நகர்ந்து நகர்ந்து போயிற்று. முடியும்வரை வட்டு தாங்குமா என்று அருளானந்து அதன் கரகரப்பைக் காதுகொடுத்துக் கேட்டார்.

ஒரு நர்ஸ் வாசலில் வந்து நின்றார். "மதியம் ஆபரேஷன் சார். யாழரசியோட படம் வந்துருச்சா?"

அந்தப் பெயரில் ஒரு கோப்புறை வந்திருந்தது. திறந்தார். சின்னஞ்சிறு இதயம் ஒன்று திரையில் தெரிந்தது.

"வந்துருச்சும்மா."

நர்ஸ் ஓடினார். மற்றப் பிள்ளைகளின் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசிப் படம் வரும்வரை வட்டு தாங்கியது.

அருளானந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப மெதுவாயிடுச்சே மேடம்?"

"முன்னாடி நாம சொன்னதைக் கேட்டுக்கிட்டுப் போச்சு சார்" என்றார் தில்ஷாத். "இப்பதான் பார்க்குது."