நாரையேரிக் கசிவு யாருடையது?

கேளுங்கள், கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று என்னைத் துளைத்தெடுக்காதீர்கள். ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலம் அது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நாரையேரி என்று ஓர் ஏரி இருந்தது. அதைக் காக்க ராஜா விசயகண்டர் மூன்று அதிகாரிகளை வைத்திருந்தார். கரைக்கு ஒருவர், மதகுக்கு ஒருவர், வாய்க்காலுக்கு ஒருவர். மூவருக்கும் மேட்டுத் தெருவில் மூன்று மாடி வீடுகள்.

ஏரிக்கரையின் அடிவாரத்தில் பள்ளத்தெரு. அங்கே மயிலாத்தா என்ற வாத்துக்காரி இருந்தாள். அவளுக்கு ஒரு குணம். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டாக வேண்டும், கேட்டால்தான் சோறு இறங்கும். வாய்க்கு ஒரு பூட்டுப் போடு என்று தெருவே அவளைக் கிண்டல் செய்யும்.

ஐப்பசி மழை கொட்டி ஏரி நிரம்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் அவளுடைய வாத்துகள் ஏரிக்குள் இறங்காமல், கரைக்கு வெளிப்பக்கம் கூட்டமாக நின்று சேற்றைக் கிளறின. காய்ந்து கிடக்க வேண்டிய இடத்தில் சேறு ஏது? குனிந்து பார்த்தாள். கரை மண்ணும் மதகுக் கல்லும் சேரும் இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கையை வைத்தாள். கை உள்ளே போயிற்று.

கரை உடைந்தால் முதலில் போவது பள்ளத்தெரு. அதிலும் முதல் குடிசை அவளுடையது. உள்ளே அவள் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

நாலு கூடை மண்ணைப் போட்டு அடைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அதிகாரி உத்தரவில்லாமல் ஏரிக்கரையில் மண்வெட்டி வைத்தால் சவுக்கடி என்பது அந்த நாட்டுச் சட்டம்.

ஓடினாள் கரை அதிகாரியிடம். அவர் வந்து பார்த்துத் தாடையைத் தடவினார். கரை என்றால் மண், கசிவதோ கல் ஓரத்தில், ஆகவே மதகு அதிகாரியைப் பார் என்றார். ஓடினாள் மதகு அதிகாரியிடம். கல் கல்லாகத்தான் இருக்கிறது, கரைந்தது மண், ஆகவே கரை அதிகாரியைப் பார் என்றார் அவர். ஓடினாள் வாய்க்கால் அதிகாரியிடம். தண்ணீர் வாய்க்காலுக்குள் வந்த பிறகு வந்து சொல் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ராஜாவிடமே போகலாம் என்றால், அதிகாரி கூட வந்தால்தான் அரண்மனைக் கதவு திறக்கும். அட, இது என்ன வேடிக்கை!

பள்ளத்தெரு கொதித்தது. இவர்களிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான் என்று ஆண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடு என்று பெண்கள் அழுதார்கள். மயிலாத்தாவுக்கும் கோபம்தான். ஆனால் கோபத்துக்கு மேலே ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. யாருக்குமே சொந்தமில்லாத இடம் என்று ஓர் ஏரியில் ஓர் இடம் எப்படி இருக்க முடியும்? கரை எங்கே முடிகிறது, மதகு எங்கே தொடங்குகிறது? அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

ஏரி தளும்பியது. ஏரி தளும்பினால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா கரைக்கு வருவார். பூசாரி எழுந்து, ஏரியைக் காத்தவர் யார் என்று உரக்கக் கேட்பார். காத்தவர் தலையில் ராஜாவே தம் கையால் பரிவட்டம் கட்டுவார். அதற்கு மேல் ஒரு மரியாதை அந்த நாட்டில் கிடையாது.

அந்த வருஷமும் பூசாரி கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள் மூன்று அதிகாரிகளும் முண்டியடித்து முன்னால் வந்து நின்றார்கள்.

கூட்டத்திலிருந்து மயிலாத்தா எழுந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ராசா, எனக்கு ஒரு சந்தேகம். ஏரியில எந்த இடத்த யாரு காத்தாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

ராஜாவுக்கும் அது தெரியாது. அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. சொல்லுங்கள் என்றார்.

கரை முழுவதும் என் காவல், கரையை ஒட்டிய மதகும் என் காவல்தான் என்றார் கரை அதிகாரி. விடுவாரா மதகு அதிகாரி? மதகும் அதன் இரண்டு பக்கத்துக் கரையும் என் பொறுப்பு என்று மார்தட்டினார். வாய்க்கால் அதிகாரி இருவரையும் தள்ளிவிட்டு, வாய்க்காலுக்காகத்தானே ஏரி, ஆகவே மொத்த ஏரியும் என்னுடையது என்றார். ராஜா சிரித்துக்கொண்டே மூவருக்கும் பரிவட்டம் கட்டினார்.

"அப்ப மூணு பேருமே காத்த இடம் ஒண்ணு இருக்கு ராசா. வந்து பாருங்க" என்றாள் மயிலாத்தா.

எல்லாரும் போனார்கள். கசிவு இப்போது கை பருமனில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மூன்று அதிகாரிகளும் பழையபடி மெல்ல ஆரம்பித்தார்கள். மண் என்றார் ஒருவர். கல் என்றார் ஒருவர். வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லையே என்றார் மூன்றாமவர்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. பழக்க தோஷம், சட்டென்று திரும்பி, பொறுப்பைத் தள்ளிவிட மந்திரியைத் தேடினார்.

"மந்திரிய ஏன் தேடுறீங்க ராசா? அதிகாரிங்கள வச்சது நீங்க. இந்தக் கசிவு யாரோடதுன்னு உங்களத்தான் கேக்குறேன்."

ராஜா அவளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கீழே, அந்தத் தண்ணீர் போகும் வழியில் இருந்த முதல் குடிசையைப் பார்த்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"என்னுடையது" என்றார். "மழைக்காலம் முடியும்வரை பள்ளத்தெருக்காரர்கள் என் அரண்மனையிலும் இந்த மூன்று அதிகாரிகள் வீட்டிலும் இருக்கட்டும். நாங்கள் நாலு பேரும் குடும்பத்தோடு பள்ளத்தெருவில் இருக்கிறோம்."

அப்புறம் என்ன? கட்டிய பரிவட்டத்தை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் மூன்று அதிகாரிகளும் கூடை கூடையாய் மண் சுமந்தார்கள். அது கரையா மதகா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கசிவு நின்றது. அரண்மனைக் கட்டிலில் மயிலாத்தாவின் மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ராஜா முதல் குடிசையில் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: பதவிக்குரிய மரியாதையை வாங்கிக்கொள்கிறவர், அந்தப் பதவியைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.